பாலத்தடியில் எல்லோரும் இடது கைக்காரர்கள்

பிப்ரவரி 3

அன்பு மருமகளுக்கு, உன் ஒரே தாய்மாமன் எழுதுவது.

என் போன் நம்பரை நீ அடைத்து வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. போனை அடைக்கலாம், தபால்காரரை அடைக்க முடியுமா? உன் கோபம் நியாயமானது என்று உன் அம்மா சொல்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மியூசியத்தில் நீ வாளியும் துணியுமாக நின்ற காலத்திலேயே ‘என் மருமகள்தான் மியூசியத்தைக் கட்டி ஆள்கிறாள்’ என்று நான் சொன்னது பொய்யா? கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னேன், அவ்வளவுதான். அதை நம்பி நம் தெரு ஜனம் வேன் வைத்துக்கொண்டு உன்னைப் பார்க்க வந்ததும், ‘டைரக்டரம்மா எங்கே’ என்று கேட்டதும், நீ கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டு முட்டி போட்டிருந்ததும் என் குற்றமா? இன்றைக்கு நீ அதே இடத்தில் பூதக்கண்ணாடி பிடித்துப் பழைய படங்களைப் பார்க்கிற வேலையில் இருக்கிறாய். எல்லாம் என் வாய் முகூர்த்தம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஓடைக்கரை நெடுக இப்போது மதில். மாடுகள் தண்ணீருக்கு இறங்க ஒரே ஒரு சரிவுதான் மிச்சம் இருந்தது, அது பாலத்துக்கு வலது பக்கம் மரக்கடைக்காரர் இடத்தில். அவர் அப்பா காலத்தில் ‘போங்க போங்க’ என்று விட்டிருந்தார்கள். மகன் இரும்பு கேட் போட்டுப் பூட்டிவிட்டார். மாடுகள் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகின்றன. போன மாதம் பால்காரம்மாவின் கன்றுக்குட்டி லாரியில் அடிபட்டுச் செத்தது. அந்தம்மா அதைக் கையில் தூக்கிக்கொண்டு நேரே என் பட்டறைக்கு வந்துவிட்டாள். ஏன் என்னிடம் வந்தாள்? இந்த வட்டாரத்தில் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே.

உடனே மனு எழுதினேன். விசாரணை அதிகாரி சொல்லிவிட்டார்: “ஆதி காலத்துல மாடு இறங்கற பொது வழி இருந்துச்சுன்னு ஒரு ஆதாரம் காட்டுங்க. அது எங்க இருந்துச்சோ அங்க திறந்துவிடச் சொல்றேன். ஆதாரம் இல்லைன்னா கேஸை மூடிடுவேன்.”

ஆதாரம் எங்கே கிடைத்தது தெரியுமா? பல் டாக்டர் வீட்டில்! கடைவாய்ப் பல் குடைந்து குடைந்து எடுக்கிறது. காத்திருக்கும் அறையில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிரில் ஒரு பழைய படம். கறுப்பு மைக் கோடுகளால் ஆனது. செப்புத் தகட்டில் கீறி அச்சடித்ததாம். பார்க்கிறேன், பார்க்கிறேன், நம் பாலம்! மூன்று வளைவு, அதே கல். பாலத்துக்கு வலது கோடியில் அகலமான மாட்டுப் பாதை தண்ணீருக்குள் இறங்குகிறது. நாற்பது மாடு வரிசையாக வருகிறது. பின்னால் குதிரைமேல் ஒரு ராஜா. பல் வலி போன இடம் தெரியவில்லை. டாக்டர் என் பல்லைப் பிடுங்கினார், நான் அவர் சுவரிலிருந்து படத்தைப் பிடுங்கினேன்.

வலது கோடி என்றால் மரக்கடை. முடிந்தது கதை. போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு அசலை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். அவர் ‘இது பழசுதானா, இந்தப் பாலம்தானா’ என்று கேட்டு உங்கள் மியூசியத்துக்கே அனுப்பப் போகிறார். ‘அனுப்புங்கள், அங்கே என் மருமகள் வைத்ததுதான் சட்டம்’ என்றேன். உன்னால் ஆக வேண்டியது ஒரு கையெழுத்து.

உன் அம்மா நலம். முழங்கால்தான் மக்கர்.

உன் மாமா,
லேத் பட்டறை உரிமையாளர், பால்காரர்களின் தலைவர்

*

பிப்ரவரி 11

மாமா,

படம் வந்து சேர்ந்தது. என் மேசைக்கே வந்தது. மனு கொடுத்தவர் என் தாய்மாமன் என்று மேலதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். “அப்படின்னா ரெண்டு மடங்கு கவனமா பாரு” என்று மட்டும் சொன்னார். இரண்டு மடங்கு கவனமாகத்தான் பார்க்கிறேன்.

போனில் பேசமாட்டேன். நீங்கள் பேசியதை நான் பேசியதாக ஊரெல்லாம் சொல்வீர்கள். எழுத்தில் இருக்கட்டும்.

நாற்பது மாடு இல்லை, ஒன்பது. ராஜா இல்லை, கழுதைமேல் இருக்கும் மூட்டை. ஆனால் படம் பழையதுதான். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால், அந்தக் காலத்தில் கையால் காகிதம் வார்த்த சல்லடையின் கோடுகள் தெரிகின்றன. தகட்டை அழுத்திய பள்ளம் நான்கு ஓரமும் இருக்கிறது.

எனக்கே இந்தப் படம் பிடித்திருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும். வானத்துக்கு அந்த ஓவியர் கோடே போடவில்லை, வெறும் காகிதம்தான், இருந்தும் வெயில் அடிக்கிறது. பாலத்து வளைவுக்குள் மட்டும் கோடுமேல் கோடு போட்டு இருட்டாக்கியிருக்கிறார். தண்ணீர் அந்த இருட்டிலிருந்து நுரைத்துக்கொண்டு நம்மைப் பார்த்து வருகிறது. அதனால் அவர் பாலத்துக்குக் கீழ்ப்புறம், நீர் வெளியேறும் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னால் வரும் பசுவின் முழங்கால் வரை தண்ணீர். கரையில் ஒருவன் சுள்ளி வெட்டுகிறான். ஒருவன் புல்லாங்குழல் ஊதுகிறான். பாதை இறங்கும் இடத்தில் பாலத்தின் கடைசித் தூணில் ஓர் இரும்பு வளையம், அதில் ஒரு கன்று கட்டியிருக்கிறது. கயிறு ஒரே கோடு, தலைமயிர் மாதிரி.

எனக்குச் சில தகவல்கள் வேண்டும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள், ஜோடனை வேண்டாம்.

ஒன்று, நீர் வெளியேறும் பக்கம் நின்று பாலத்தைப் பார்த்தால் இப்போது வலது கோடியில் என்ன, இடது கோடியில் என்ன?

இன்னொன்று, நீங்கள் எடுத்து வைத்திருக்கும் போன் படத்தைப் பெரிசு பண்ணிப் பாருங்கள். மனிதர்கள் என்ன செய்கிறார்கள், எந்தக் கையால் செய்கிறார்கள்? நான் பார்த்ததை இன்னொரு கண்ணும் பார்க்க வேண்டும்.

அம்மாவின் முழங்காலுக்கு மாத்திரை அனுப்பியிருக்கிறேன்.

*

பிப்ரவரி 18

அன்பு மருமகளுக்கு,

நீ கேள்வி கேட்கிற தோரணையைப் பார்த்தால் அதிகாரியே தோற்றான். உன் கடிதத்தைப் பால் கொட்டகையில் உரக்க வாசித்தேன். ‘எனக்கே இந்தப் படம் பிடித்திருக்கிறது’ என்கிற இடத்தை மட்டும் நாலு தரம் வாசித்தேன். கழுதை விஷயத்தை விட்டுவிட்டேன். ராஜா என்று சொல்லி ஆகிவிட்டது, இப்போது கழுதை என்றால் நன்றாக இருக்காது.

முதல் கேள்விக்குப் பதில். வலது கோடியில் மரக்கடை. இடது கோடியில் நம் பட்டறை. பாலத்துச் சுவரையே ஒரு பக்கச் சுவராக வைத்துக் கட்டியது. நான் கட்டிய காலத்தில் எஞ்சினியர்கள் வந்து பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள். பட்டறைக்குப் பின்னால், ஒரு ஓரமாக, உன் அம்மா இருக்கும் அறை. இதெல்லாம் உனக்குத் தெரியாததா? அந்த லேத் சத்தத்தில்தானே பரீட்சைக்குப் படித்தாய்.

இரண்டாவது கேள்விதான் சுவாரசியம். ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் போன் படத்தைக் கதவு அளவுக்குப் பெரிசு பண்ணிக் கொட்டகையில் மாட்டினேன். அம்மாடி, அத்தனை பேரும் இடது கைக்காரர்கள்! சுள்ளி வெட்டுகிறவன் அரிவாளை இடது கையில் ஓங்குகிறான். மாட்டை விரட்டுகிறவன் குச்சி இடது கையில். புல்லாங்குழல்காரன் குழலை இடது பக்கமாக நீட்டிக்கொண்டு ஊதுகிறான். ஒரு கிழவன் கோப்பையால் குடிக்கிறான், அதுவும் இடது கை.

எனக்கு உடனே பொறி தட்டியது. ஆதி காலத்தில் இந்த ஊர் முழுக்க இடது கை வம்சம்! பால்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் எடுத்துச் சொன்னேன். பால்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஏங்க லேத்துக்காரரே, வம்சம்ன்னா உங்களுக்கும் இடது கைதானே இருக்கணும்?”

“எனக்கு ரெண்டு கையும் ஒண்ணுதாம்மா.”

“அதான் பட்டறையில ஒரு நட்டும் ஒழுங்கா நிக்க மாட்டேங்குதா?”

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கட்டும். கன்று செத்த பிறகு அந்தம்மா சிரித்து நான் பார்க்கவில்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களை நம்பித்தான் இருக்கோம். மிச்சமிருக்கறது ரெண்டு கறவைதான்” என்றாள். ‘படுத்துத் தூங்கும்மா, மார்ச் பதினைந்தாம் தேதி விசாரணை, பதினாறாம் தேதி உன் மாடு தண்ணீரில் நிற்கும்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மரக்கடைக்காரர் இப்போது என்னைத் தெருவில் பார்த்தால் அடுத்த பக்கம் போய்விடுகிறார். போகட்டும். புலியைப் பார்த்த ஆடு அப்படித்தான் போகும்.

சீக்கிரம் கையெழுத்தைப் போடு.

உன் மாமா,
லேத் பட்டறை உரிமையாளர், தலைவர், இப்போது சரித்திர ஆராய்ச்சியும்

*

பிப்ரவரி 24

மாமா,

இதைக் கொட்டகையில் வாசிக்காதீர்கள். யாரிடமும் காட்டாதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு படியுங்கள்.

இடது கை வம்சம் என்று ஒன்று கிடையாது. தகட்டில் எதை எந்தப் பக்கம் கீறுகிறோமோ அது காகிதத்தில் எதிர்ப்பக்கம் விழும். ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. அனுபவமுள்ளவர்கள் முதலில் காகிதத்தில் வரைந்து, அதைத் திருப்பித் தகட்டுக்கு மாற்றுவார்கள். அச்சில் சரியாக வந்துவிடும். இந்த ஓவியர் அப்படிச் செய்யவில்லை என்று நினைக்கிறேன். மெழுகு பூசிய தகட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓடைக்கரையில் உட்கார்ந்து, கண்ணில் பட்டதைப் பட்டபடியே கீறியிருக்கிறார். கோடுகளில் அந்த அவசரம் இருக்கிறது. பசு காலை மாற்றி வைத்ததும் பழைய காலை அழிக்காமலே புதுக் காலைப் போட்டிருக்கிறார்; லென்ஸில் பார்த்தால் அந்த மாட்டுக்கு ஐந்து கால்.

அப்படியானால் படம் முழுவதும் இடவலம் மாறியிருக்கிறது. அவர்கள் எல்லோரும் நம்மைப் போல வலது கைக்காரர்கள்தான். படத்தில் வலது கோடியில் இறங்கும் பாதை உண்மையில் இடது கோடியில் இருந்தது.

இடது கோடியில் என்ன இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இது இன்னும் சந்தேகம்தான். கைகளை வைத்து மட்டும் நான் அறிக்கை எழுத முடியாது. பாலமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு பொருள் தீர்த்து வைக்கும். கன்று கட்டியிருக்கும் அந்த இரும்பு வளையம். கல்லுக்குள் ஈயம் காய்ச்சி ஊற்றி இறக்கியது மாதிரி வரைந்திருக்கிறார். அப்படி இறக்கியது லேசில் போகாது. இன்றும் இருக்கலாம், இல்லாவிட்டால் துளையாவது இருக்கும். மரக்கடைப் பக்கத் தூணில் இருக்கிறதா, நம் பக்கத் தூணில் இருக்கிறதா?

போய்ப் பார்த்து ஒரே வார்த்தையில் எழுதுங்கள். வலது அல்லது இடது.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

*

மார்ச் 2

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. உன் அம்மாவுக்கு நீ அனுப்பிய மாத்திரை நன்றாகக் கேட்கிறது. நேற்று ஜன்னல் வரை தானே நடந்து போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அறைக்கு அந்த ஜன்னலை நான்தான் வைத்தேன். கொத்தனார் வேண்டாம் என்றான். ‘என் அக்கா ஓடையைப் பார்க்க வேண்டும், வை’ என்றேன். உன் அப்பா போன பிறகு நீயும் அவளும் ஒரு பெட்டியோடு வந்து நின்ற நாளில் அந்த அறைக்குக் கூரைகூட இல்லை. ஒரே வாரத்தில் போட்டேன். சொல்லிக் காட்டவில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

லேத்துக்குப் புதுப் பெல்ட் மாற்றினேன். வேலை மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இந்த இடத்தை விட்டு வேறு எங்கே வைத்தாலும் ஒருத்தன் வரமாட்டான். பாலத்தடி லேத் என்றால்தான் தெரியும். கடைக்கு வேறு பேரே கிடையாது.

நீ எழுதியதை யோசித்துப் பார்த்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக அல்லவா இருக்கிறது. பல் வலிக்குப் போனவன் பல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டு வராமல் படத்தையும் பிடுங்கினேன் பார், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தகடு, மெழுகு, தலைகீழ் என்று என்னவோ எழுதியிருக்கிறாய். எல்லாம் உன் ஊகம். நீயே சந்தேகம் என்றுதான் எழுதியிருக்கிறாய். அந்த ஆள் திருப்பித்தான் வரைந்திருப்பான். படம் போடத் தெரிந்தவனுக்கு இது தெரியாதா? அந்தக் காலத்தில் இடது கைக்காரர்கள் இருந்திருக்கவே கூடாதா?

அதிகாரி உன்னிடம் கேட்டது என்ன? படம் பழசா, பாலம் இதுவா. இரண்டே கேள்வி. ‘கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், ஜோடனை வேண்டாம்’ என்று எனக்குப் பாடம் எடுத்தாயே, அதே பாடம்தான் உனக்கும். பழசு. பாலம் இதுதான். கையெழுத்து. இதில் பொய் எங்கே இருக்கிறது? மரக்கடைக்காரருக்கு நாலு ஏக்கர். ஒரு கேட்டைத் திறந்துவிட்டால் அவர் தெருவுக்கு வந்துவிட மாட்டார்.

உன் அம்மா இப்போது அந்த அறையில்தான் படுத்திருக்கிறாள். லேத்தை நிறுத்திவிட்டு எழுதுகிறேன், அவள் தூங்கட்டும் என்று.

உன் மாமா

*

மார்ச் 7

மாமா,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஒரே வார்த்தை கேட்டிருந்தேன். அது இல்லை. அதனால் தெரிந்துகொண்டேன்.

அந்த அறையையும் ஜன்னலையும் நான் மறக்கவில்லை. அதனால்தான் மூன்று நாளாக அறிக்கையை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். நீங்கள் சொல்வது சரி, அவர்கள் இரண்டு கேள்விதான் கேட்டார்கள். நான் பேசாமல் இருந்தால் ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் பேசாமல் இருந்தால் மரக்கடைக்காரரின் இடம் வழியாக இல்லாத பாதை ஒன்று போகும். அவர் கேட்டைப் பூட்டியது கெட்ட குணம். அதற்காக நாம் திருடலாமா?

அம்மாவிடம் நேற்று போனில் சொல்லிவிட்டேன். கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். பிறகு, “என்னை நடுவுல வச்சு ரெண்டு பேரும் பந்து விளையாடாதீங்க. அவன் வாயால அவனே சொல்லட்டும். நீ சொல்லி அவன் தலைகுனிஞ்சா நான் அந்த அறையில இருந்தும் பிரயோஜனம் இல்லை” என்றார்கள்.

நானும் அதைத்தான் கேட்கிறேன். என் அறிக்கை போவதற்கு முன்னால் நீங்களே அதிகாரியிடம் போய்ச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் தேதி வரை வைத்திருக்கிறேன். அதற்கு மேல் முடியாது.

*

மார்ச் 9

மியூசியத்தில் படம் பார்க்கும் அம்மாவுக்கு,

உங்கள் மேலதிகாரிக்கு இன்று பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். மனுதாரரின் சொந்த அக்கா மகள் இந்தப் படத்தைப் பரிசோதிப்பது முறையாகாது, வேறு ஆளை வைத்துப் பார்க்கவும் என்று எழுதியிருக்கிறேன். எல்லாம் சட்டப்படிதான்.

நீ தலைகுனிய வைப்பாய், நான் குனிந்துகொண்டு நிற்க வேண்டுமா?

லேத் பட்டறை உரிமையாளர்

*

மார்ச் 13

மாமா,

ஜெயித்துவிட்டீர்கள்.

உங்கள் தபால் வந்த அன்றே படத்தை என் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். சொந்தம் என்று நான் வாயால் சொன்னபோது பரவாயில்லை என்றவர்களுக்கு, எழுத்தில் புகார் வந்ததும் அப்படி விட முடியவில்லை. வெளியிலிருந்து வரும் படம் எதுவும் இனி கொஞ்ச காலத்துக்கு எனக்குக் கிடையாது. மறுபடியும் கண்ணாடிப் பெட்டிகள்தான். துடைக்கத் தெரியாதா எனக்கு.

மேலதிகாரியிடம் இடவல விஷயத்தைச் சொன்னேன். “கேட்டது ரெண்டு கேள்வி. அதுக்கு மேல நாம ஏன் மூக்கை நுழைக்கணும்? உன் மாமா வேற புகார் போட்டிருக்கார்” என்றார். படம் பழையது, பாலம் இதுவே என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டார். தனியாக அதிகாரிக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே இனி அந்த வளையம் எந்தப் பக்கம் என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான். நல்லபடியாக இருங்கள்.

*

மார்ச் 22

அன்பு மருமகளுக்கு,

பதினைந்தாம் தேதி நடந்ததை நீ யார் யார் வாயிலோ கேட்பதற்கு முன்னால் என் வாயால் கேட்பது நல்லது. மற்றவர்கள் கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள்.

விசாரணை மண்டபத்தில் ஈ நுழைய இடமில்லை. ஆயிரம் பேர் இருப்பார்கள். சரி, முப்பது பேர். பால்காரர்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். பால்காரம்மா முதல் பெஞ்சில். எதிரில் மரக்கடைக்காரர், அவருக்கு ஒரு வக்கீல், எண்ணெய் தேய்த்த கத்தரி மாதிரி. உங்கள் மியூசியத்து இரண்டு வரியை அதிகாரி படித்தார். பழசு, பாலம் இதுவே. என் பக்கம் கைதட்டல். நான் எழுந்து கும்பிட்டேன்.

அப்போது வக்கீல் எழுந்தான்.

“படம் பழசா இருக்கட்டும் சார். ஆனா உண்மையா? இதைப் பாருங்க. வெட்டறவன் இடது கை. மாடு ஓட்டறவன் இடது கை. குடிக்கிற கிழவன் இடது கை. எந்த ஊர்ல சார் எல்லாரும் இடது கைக்காரங்க? வரைஞ்சவர் வீட்டுல உக்காந்து கற்பனை பண்ணியிருக்கார். ஒரு மாட்டுக்கு அஞ்சு கால் வேற இருக்கு. இந்தக் கற்பனையை வச்சு என் கட்சிக்காரர் இடத்துல பாதை கேக்கறாங்க.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மனுதாரர் என்ன சொல்றீங்க?”

“ஆதி காலத்துல இந்த ஊர் இடது கை வம்சம்…” என்று ஆரம்பித்தேன். வக்கீல் திரும்பிப் பார்த்தான்.

“ஐயா, நீங்க எந்தக் கை?”

மண்டபமே சிரித்தது. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. அதிகாரியும் சிரிக்கவில்லை. அவர் படத்தை மெதுவாக உறைக்குள் போட ஆரம்பித்தார். பழசு என்பது போதவில்லை. அது பொய்ப்படம் என்றால் ஆதாரம் இல்லை, ஆதாரம் இல்லையென்றால் பாதை வலதிலும் இல்லை, இடதிலும் இல்லை. உறை வாய்க்குள் பாலம் போகிறது, மாடு போகிறது, கடைசியாக அந்தக் கன்றுக்குட்டி. பால்காரம்மா என்னைப் பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. சும்மா பார்த்தாள்.

என் நாக்கு இருக்கிறதே, நரம்பில்லாத நாக்கு, எனக்கு முன்னால் அது எழுந்து நின்றுவிட்டது.

“நிறுத்துங்க சார். அது பொய் இல்லை. திருப்பிப் போட்ட நிஜம்.”

பிறகு நான் பேசியதை நீ கேட்டிருக்க வேண்டும். தகடு, மெழுகு, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் சொன்னேன். மாடு காலை மாற்றிய அவசரத்தில்தான் ஐந்து கால் என்றேன். கற்பனை பண்ணுகிறவன் ஐந்து கால் போடமாட்டான், கண்ணால் பார்க்கிறவன்தான் போடுவான் என்று ஒரு போடு போட்டேன், வக்கீல் உட்கார்ந்துவிட்டான். அந்தக் கடைசி வரி என் சொந்தச் சரக்கு. நீ எழுதவில்லை. மற்றதையும் நானே கண்டுபிடித்ததாகத்தான் சொல்லியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் பேரைச் சொன்னால் உன் வேலைக்கு இன்னும் ஆபத்து. அதற்காகத்தான். கொஞ்சம் என் பெருமைக்காகவும்தான்.

“அப்போ பாதை இடது பக்கம்ன்னு சொல்றீங்க,” என்றார் அதிகாரி. “அங்க என்ன இருக்கு?”

“என் பட்டறை சார்.”

மரக்கடைக்காரர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவனை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

எல்லோரும் நடந்தே பாலத்துக்கு வந்தோம். முதலில் மரக்கடைப் பக்கத் தூணைப் பார்த்தார்கள். மொட்டைக் கல். அடுத்து என் பட்டறை. நான் கதவைத் திறந்து லேத்துக்குப் பின்னால் காட்டினேன். நீ ஒரே வார்த்தையில் கேட்டாயே, அது அங்கேதான் இருந்தது. மோட்டார் தூக்குகிற சங்கிலிக் கப்பியை இத்தனை வருஷமாக அதில்தான் மாட்டியிருக்கிறேன். எவ்வளவு பாரம் தொங்கவிட்டாலும் அசையாது. ‘யாரோ புண்ணியவான் எனக்காக அடித்து வைத்த கொக்கி’ என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வேன். உன் கடிதத்தைப் படித்தபோது எழுந்து போய்ப் பார்க்கக்கூட அவசியம் இருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

உத்தரவு வந்துவிட்டது. பட்டறை இருக்கும் அகலம் பாதைக்குப் போகிறது. பின்னால் உன் அம்மாவின் அறைக்கு ஆபத்தில்லை, வாசலை மட்டும் தெருப் பக்கம் திருப்ப வேண்டும். பாதை அவள் சுவரை ஒட்டிப் போகும். ‘இரைச்சல் தாங்குவாயா அக்கா’ என்று கேட்டேன். “உன் மெஷின் சத்தத்துக்கு மாடு தேவலைடா” என்றாள். பிறகு என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். நான் கேட்கவில்லை.

உங்கள் மேலதிகாரிக்கு இன்னொரு பதிவுத் தபால் போட்டிருக்கிறேன். என் புகார் தவறு, அந்தப் பெண் பார்த்ததுதான் சரி, அவள் மேசையை அவளுக்குக் கொடுங்கள் என்று. இதில் ஜோடனை ஒன்றும் இல்லை. இரண்டே வரி. ஒரு நாள் முழுக்க எழுதினேன்.

மரக்கடைக்காரர் நேற்று வந்தார். “எங்க ஷெட்ல ஒரு மூலை சும்மா கிடக்கு. உங்க லேத்தை வேணா போட்டுக்குங்க” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று கெத்தாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். லேத் இப்போது ரோட்டோரம் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போகிறவர்கள் ‘பட்டறை எப்போது திறப்பீர்கள்’ என்கிறார்கள். பெரிய இடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறேன். உனக்கு மட்டும் எழுதுகிறேன், எங்கேயும் பார்க்கவில்லை.

இன்று காலை முன் சுவரையும் பின் சுவரையும் இடித்து முடித்தோம். மண்ணை இன்னும் அள்ளவில்லை, அதற்குள் பால்காரர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒவ்வொன்றாக உள்ளே வந்தது. சிமெண்டுத் தரையில் குளம்பு வழுக்குகிறது, தண்ணீர் வாசனை பட்டதும் ஓடுகிறது. கடைசியில் பால்காரம்மாவின் சிவப்புப் பசு, கன்றைப் பறிகொடுத்தது, அது மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. லேத் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறதல்லவா, அதை மோந்து பார்த்துக்கொண்டு நின்றது. பால்காரம்மா அதட்டினாள், தட்டினாள், அசையவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. அப்போதுதான் கவனித்தேன், நான் அதன் வழியில், வழக்கமாக லேத்துக்கு முன்னால் நிற்கிற இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

விலகி நின்றேன். போய்விட்டது.

மாமா